அங்கிள் என்றால் அம்மான்

யாழ்ப்பாணத்தில் இப்போது தலை நரைத்த ஆண்பிள்ளை எல்லாரும் அங்கிள்தான். கொக்குவில் சந்தியில் மரக்கறி நிறுக்கிற பெடியனுக்கு நான் அங்கிள். ஓட்டோக்காரத் தம்பிக்கு அங்கிள். ரியூசன் முடிந்து சைக்கிளில் கூட்டமாக வருகிற பிள்ளைகள் ஒதுங்கி வழிவிடும்போதும் அங்கிள். என் மனைவிக்கு இது அன்ரி என்று வந்து சேர்ந்தது. புடவைக்கடையில் ஒருவன், அவனுக்கே முப்பதுக்குக் கிட்ட வயதிருக்கும், "அன்ரி, இது நல்ல கொட்டன், சாயம் போகாது" என்று விரித்துக் காட்டினான். பிடித்த நிறம்தான். ஆனாலும் எடுக்காமலே திரும்பி வந்துவிட்டாள்.

இதைப் பற்றி எங்கள் வயதுக்காரர் கூடினால் ஒரே பாட்டுத்தான். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அம்மான் என்று ஆளுக்கொரு சொல் எங்களிடம் இருக்க, வெள்ளைக்காரன் எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினான், நாங்களும் அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம் என்பார்கள். எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் வெள்ளைக்காரன் பற்றிய பகுதி பாதிதான் சரி. அங்கிள் என்ற சொல் பிறந்தபோது அது கண்டவருக்கெல்லாம் போடுகிற சொல்லாக இருக்கவில்லை. அம்மாவின் அண்ணன் தம்பிக்கு மட்டும் உரியதாக இருந்தது. எங்கள் கணக்கில் சொன்னால், அசல் அம்மான்.

அதன் மூலம் இலத்தீன் மொழியில் இருக்கிறது. அவுஸ் என்றால் பாட்டன். அதோடு சின்னது என்று காட்டுகிற விகுதி சேர்ந்து அவுங்குலுஸ். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'சின்னப் பாட்டன்'. எங்கள் சின்னம்மா மாதிரி ஒரு வார்ப்பு. பாட்டனுக்குப் பிறகு தாய்வீட்டில் அந்த இடத்தில் நிற்கிறவர் அவர் மகன்தானே. அப்பாவின் சகோதரனுக்கு உரோமர் வேறு சொல் வைத்திருந்தார்கள், பத்ருவுஸ். அப்பாவின் சகோதரி அமித்தா. அம்மாவின் சகோதரி மாத்தெர்த்தெரா. நாலு பேர், நாலு சொல். அதிலும் பத்ருவுஸ் என்றாலே கண்டிப்புக்குப் பேர்போனவர். அந்தக் காலத்துக் கவிதையில் 'பத்ருவுஸின் நாக்கு' என்றால் ஏச்சு என்று வாசகருக்கு விளங்கும். எங்கள் வீடுகளிலும் பெரியப்பா வந்தால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு ஓடுவோம். மாமா வந்தால் அவர் பையைத் துழாவுவோம்.

இந்த நாலில் இரண்டுதான் பிழைத்தன. அவுங்குலுஸ் பழைய பிரெஞ்சில் ஓங்கிள் ஆகி, 1300ஐ ஒட்டிய காலத்தில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அமித்தா தேய்ந்து அந்த் ஆகி, ஆன்ட் என்று அதே காலத்தில் வந்து சேர்ந்தது. எங்கள் வாய்க்கு வரும்போது அது அன்ரி. பத்ருவுஸும் மாத்தெர்த்தெராவும் வழியிலேயே விழுந்துவிட்டன. இப்போது முறை சொல்லிப் பாருங்கள். அங்கிள் என்றால் தாயின் சகோதரன், அன்ரி என்றால் தகப்பனின் சகோதரி. மாமாவும் மாமியும்! பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா என்று அப்பாவும் அம்மாவும் ஒட்டிக்கொண்டிருக்கிற பக்கம் முழுக்க அழிந்துபோய், மாமன் மாமிப் பக்கம் எல்லாரையும் விழுங்கி நிற்கிறது.

ஆங்கிலத்துக்குச் சொந்தமாகவும் நாலு சொல் இருந்தன. 1066இல் பிரான்சிலிருந்து நோர்மன்காரர் படையோடு வந்து இறங்குவதற்கு முந்திய ஆங்கிலத்தில் தாய்மாமன் ஏஅம், அப்பாவின் சகோதரன் ஃபெடெரா, அப்பாவின் சகோதரி ஃபாது, அம்மாவின் சகோதரி மோட்ரியெ. இந்த மொழி பேசியவர்களின் மூதாதையரான ஜெர்மானியக் குலங்களைப் பற்றி உரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ் கி.பி. 98இல் எழுதும்போது, சகோதரியின் பிள்ளைகளுக்குத் தகப்பனிடம் எவ்வளவு மதிப்போ தாய்மாமனிடமும் அவ்வளவு மதிப்பு என்று குறித்து வைத்தார். வாசித்தபோது எனக்குக் காது குத்தும் சடங்குதான் ஞாபகம் வந்தது. பிள்ளையை மடியில் வைத்திருப்பது தாய்மாமன்; பிள்ளை கத்துகிற கத்தில் தகப்பன் முற்றத்துக்குப் போய்விடுவான்.

நோர்மன் பிரெஞ்சு வந்த பிறகு ஆங்கிலக் குடும்பத்துக்கு நடந்ததைக் கவனித்தால் ஒரு வடிவம் தெரியும். தாய், தகப்பன், மகன், மகள், சகோதரன் என்று ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்களின் பெயர்கள் பழைய ஆங்கிலமாகவே நின்றன. படலையைத் தாண்டியவுடன் எல்லாம் பிரெஞ்சு: அங்கிள், ஆன்ட், கசின், நெவ்யூ, நீஸ். பாட்டன் பாட்டிக்கு முன்னால் ஒட்டுகிற 'கிராண்ட்' கூட அங்கிருந்து வந்ததுதான். ஏஅம் என்ற சொல் ஸ்கொட்லாந்துப் பக்கத்திலும் வட இங்கிலாந்திலும் கொஞ்சக் காலம் தாக்குப்பிடித்தது. இன்று ஈம்ஸ் என்ற குடும்பப் பெயரில் ஒளிந்திருக்கிறது.

படையெடுப்பு நடந்ததால்தான் ஆங்கிலேயர் சித்தப்பாவையும் மாமாவையும் குழப்பிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதாது. படை சொல்லைக் கொண்டுவரும். ஒரு வித்தியாசத்தை மக்கள் விட்டுவிடுவதற்கு வேறு காரணம் வேண்டும். ஜெர்மன்காரரை எந்த நோர்மனும் பிடிக்கவில்லை. அவர்களிடமும் தாய்மாமனுக்கு ஓஹைம், தாயின் சகோதரிக்கு மூமெ என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. பிரெஞ்சு பேசுவது நாகரிகம் என்றிருந்த 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஒங்கெல், தாந்தெ என்று தாங்களாகவே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஃபெற்றர் என்ற அவர்களின் சித்தப்பாச் சொல் இறங்கி இறங்கி இன்று மச்சானையும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பியையும் சேர்த்துக் குறிக்கிறது. எங்கள் கொழும்பு வீடுகளில் நடந்ததும் இதே கதைதான். அங்கே யாரும் துவக்கைக் காட்டி அங்கிள் சொல்ல வைக்கவில்லை.

போர்த்துக்கேயர் 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். கதிரை தந்தார்கள், அலுமாரி தந்தார்கள், சப்பாத்துத் தந்தார்கள். ஒல்லாந்தர் கந்தோர் தந்தார்கள், கக்கூசு தந்தார்கள். இரண்டு பேரும் எங்கள் மாமாவைத் தொடவில்லை. ஆங்கிலேயர் இருந்த காலத்திலும் பெரிதாகத் தொட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் போன பிறகுதான் அங்கிள் எங்கள் ஒழுங்கைகளுக்குள் வந்தார்.

காரணம் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். உறவுச் சொல் என்பது ஒரு உரிமைக்கோ கடமைக்கோ எழுதிய உறுதி. அந்த உரிமை போனால் சொல்லுக்கு வேலையில்லை. ஐரோப்பாவில் திருச்சபை ஒரு காலத்தில் ஏழு தலைமுறைத் தூரம் வரைக்கும் சொந்தத்தில் கலியாணம் கூடாது என்று வைத்திருந்தது. 1215இல் கூடிய நாலாவது லாத்தரன் சங்கம் அதை நாலாகக் குறைத்தது. ஏழோ நாலோ, தாய் பக்கமும் தகப்பன் பக்கமும் ஒரே மாதிரித்தான் தடை. மாமன் மகளையும் கட்டக்கூடாது, சித்தப்பா மகளையும் கட்டக்கூடாது என்றால், மாமனையும் சித்தப்பாவையும் பிரித்துப் பார்க்க என்ன அவசரம்?

எங்களுக்கு அந்த அவசரம் இருந்தது. மாமியின் மகள் மச்சாள். சின்னம்மாவின் மகள் தங்கச்சி. ஒருத்தியைக் கட்டலாம், மற்றவளை நினைக்கவே கூடாது. பிறந்த வீட்டிலிருந்து இருவரும் ஒரே தூரம்தான். ஆனால் ஒரு சொல் இருவருக்கும் நடுவில் வேலி போடுகிறது. அதே வேலியால்தான் அப்பாவின் அக்காவும் மாமி, பெண்சாதியின் தாயும் மாமி. மச்சாளைக் கட்டினால் இரண்டும் ஒரே ஆள்தானே. ஆங்கிலத்தில் மாமியாரைச் 'சட்டப்படி அம்மா' என்கிறார்கள். அந்தச் சட்டம் நீதிமன்றச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். திருச்சபையின் கலியாணத் தடைச் சட்டத்தைத்தான் சொல்கிறது. அவர்களின் மாமியார்ச் சொல்லுக்குள் 'இனி இவள் வீட்டில் கட்டாதே' இருக்கிறது, எங்கள் மாமிச் சொல்லுக்குள் 'இவள் வீட்டில் கட்டு' இருக்கிறது.

கலியாணத்தோடு காணியும். 1707இல் ஒல்லாந்த அதிகாரி, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் எழுதித் தொகுத்து, 1806இல் ஆங்கிலேயர் சட்டமாக ஏற்றுக்கொண்ட எங்கள் ஊர் வழமைகளான தேசவழமையைப் புரட்டினால், சொத்தும் தாய்வழி தகப்பன்வழி என்று முறை சொல்லிக்கொண்டுதான் நிற்கிறது. பெண்ணுக்குக் கொடுத்தால் சீதனம், பெற்றாரிடமிருந்து வந்தது முதுசம், புருசன் பெண்சாதி சேர்ந்து தேடியது தேடியதேட்டம். சீதனம் தாயிலிருந்து மகளுக்குப் போகிறது, முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு என்பது பழைய ஒழுங்கு. பங்குக் காணியை விற்பதென்றால் உரித்துக்காரருக்கு முதலில் சொல்ல வேண்டும். எந்த மரம் எந்தப் பக்கத்தால் வந்தது என்று தெரியாதவன் நொத்தாரிசின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். அந்தக் காலத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மானையும் சிற்றப்பனையும் பிரித்துச் சொல்லிக் கொடுப்பது காணியின் எல்லையைக் காட்டுவதற்குச் சமம்.

இன்று? மச்சாளைக் கட்டுகிறவர்கள் அருமை. காணி வெளிநாட்டுக் காசில் கைமாறுகிறது. மச்சாள் மெல்பேர்னில் இருக்கிறாள். சொல் மட்டும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

ஒரு இடத்தில் மட்டும் அது அசையாமல் நிற்கிறது. மரண அறிவித்தல். வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. எங்கள் அறிவித்தலில் செத்தவரைப் பற்றி ஒரு பாராட்டும் இருக்காது, உறவுதான் இருக்கும். இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னார்களின் அன்புச் சகோதரரும், மைத்துனரும், சிறிய தந்தையும், மாமனாரும், பாட்டனும் ஆவார். பத்திரிகையில் முக்கால் பக்கம் போகும். தகவல்: குடும்பத்தினர்.

சித்தப்பா காலமானபோது அதை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. ரொறன்ரோவிலிருந்து அவருடைய பேரன் வட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பினான். கெட்டிக்காரப் பெடியன், எல்லாப் பெயரும் ஒழுங்காக அடித்திருந்தான், ஆங்கிலத்தில். கணவர், தகப்பன், பாட்டன் எல்லாம் சரி. அதற்குக் கீழே, இன்னார்களின் அங்கிள் என்று போட்டு ஒரே மூச்சில் ஒரு கூட்டம் பெயர்.

மாமி, சித்தப்பாவின் அக்கா, விறாந்தைச் சுவரோடு சாய்ந்து காலை நீட்டி இருந்தார். அழுது குரல் அடைத்துப் போயிருந்தது. நான் பெயரை வாசிக்க, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி அவர் பிரித்துக்கொண்டு போனார்.

"அவன் மருமோன். அவள் பெறாமகள். அதுகள் ரெண்டும் மருமக்கள், மூத்தவளின்ரை பிள்ளையள்."

ஒரு பெயரில் நான் தடக்கினேன்.

"உவன் சகலன்ரை பெடியன். பெறாமகன்தான், அங்காலை போடு. அடுத்தது ஆர்? ஓ, அவள் உன்ரை சின்னம்மாவின்ரை தமையன்ரை பெட்டை. மருமகள். மாறிப் போட்டியோ, தாய்க்காரி லண்டனிலையிருந்து போன் எடுத்துக் கிழிப்பாள்."

பார்த்தால் சிக்கல் மாதிரி இருக்கும். மாமிக்கு ஒரு பெயருக்கும் யோசனை தேவைப்படவில்லை. சகோதரனின் பிள்ளைகளும் பெண்சாதியின் சகோதரியின் பிள்ளைகளும் பெறாமக்கள், பெறாவிட்டாலும் மக்கள். சகோதரியின் பிள்ளைகளும் பெண்சாதியின் சகோதரனின் பிள்ளைகளும் மருமக்கள். நாலு திசையிலும் சித்தப்பா அந்தப் பிள்ளைகளுக்கு அங்கிள்தான். ஆனால் இரண்டு திசையில் அவர் ஒரு சின்ன அப்பா, மற்ற இரண்டில் மாமன். கலியாணத்தால் வந்தவர்களுக்கென்று தனியாக ஒரு கொட்டில் போட வேண்டியதில்லை; வந்தவர் உட்காரக் கதிரை முன்னமே போட்டுக் கிடக்கிறது.

இரவு ரொறன்ரோப் பெடியன் குரல் அஞ்சல் அனுப்பினான். "அங்கிள், எல்லாம் ஓகேயா?" அவனுடைய தாய் சித்தப்பாவின் மகள், எனக்குத் தங்கச்சி. ஆகவே எங்கள் கணக்கில் நான் அவனுக்குத் தாய்மாமன், உரோமரின் அவுங்குலுஸ் நிற்கிற இடம். அன்று முழுக்க அந்தச் சொல்லை அவன் வேறெதையும் கலக்காமல் அதன் பிறவிப் பொருளில் சொன்னது அந்த ஒரு இடத்தில்தான். நான் அவனுக்கு விளக்கப்போகவில்லை. செத்தவீட்டில் சொல்லாராய்ச்சி செய்தால் மாமி தடி எடுப்பார்.

இந்த மாமியின் கணக்கு உலகப் பிரசித்தமானது என்பது அவருக்குத் தெரியாது. நியூயோர்க் மாநிலத்து வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மோர்கன், தன் ஊர்ப்பக்கத்து செனெக்கா என்ற பழங்குடி மக்களிடம் அப்பாவின் சகோதரனும் அப்பா, அம்மாவின் சகோதரியும் அம்மா என்று இருப்பதைக் கண்டு அதிசயித்து, உலகம் முழுக்க உறவுமுறைக் கேள்விப் பட்டியல் அனுப்பினார். தமிழ் முறை பற்றிய விவரம் அவருக்கு ஸ்கடர் குடும்பத்து மிசனரிமார் மூலம் கிடைத்தது. அந்தக் குடும்பத்தின் மூத்தவர் டொக்டர் ஜோன் ஸ்கடர் 1820இல் வைத்தியம் தொடங்கியது எங்கள் பண்டத்தரிப்பில். பிள்ளைகள் பிறகு ஆற்காட்டுப் பக்கம் போனார்கள். தமிழரும் செனெக்காவும் ஒரே மாதிரி முறை வைத்திருப்பதைப் பார்த்த மோர்கனுக்கு, அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து போனதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டதாகப் புளுகம். 1871இல் பெரிய நூலாகப் போட்டார். அந்த அத்தாட்சி நிற்கவில்லை, பட்டியல்கள் நின்றன.

அவர் எங்கள் முறைக்கு வைத்த பெயரில்தான் எனக்குக் கோபம். பலரை ஒரே பெயரில் அடக்குகிற முறை என்று வகைப்படுத்தினார். ஆங்கில முறை ஆளை ஆளாக விவரிக்கிற முறையாம். அங்கிள் என்று நாலு வகை ஆளை ஒரு கயிற்றில் கட்டுகிற மொழியில் இருந்துகொண்டு! 1909இல் ஆல்பிரட் குரோபர் என்ற மானிடவியலாளர் இதைப் பிடித்துக் கேட்டார். எல்லா மொழியும் ஏதோ ஒன்றை அடக்கித்தான் பெயர் வைக்கிறது, ஆங்கிலத்துக் கசினைப் பாருங்கள் என்றார்.

கசின் கதை இன்னும் வேடிக்கை. மூலம் கொன்சொப்ரினுஸ். உள்ளே ஒளிந்திருப்பது சகோதரிக்கான இலத்தீன் சொல். இரண்டு சகோதரிகளுக்குப் பிறந்த பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கொன்சொப்ரினுஸ். அதாவது பெரியம்மா பிள்ளை, சின்னம்மா பிள்ளை. எங்கள் பேச்சில் ஒன்றுவிட்ட சகோதரம். மாமி பிள்ளைக்கு உரோமரிடம் அமித்தீனுஸ் என்று வேறு சொல் இருந்தது. இன்று எங்கள் பெடியள் மச்சானையும் மச்சாளையும் கசின் என்று அறிமுகம் செய்கிறார்கள். அந்தச் சொல்லின் பிறவிக் கணக்கில் அது மச்சாளைத் தங்கச்சி என்பதற்குச் சமம். அந்தக் காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் பேசி வைத்த கலியாணம் குழம்பியிருக்கும்.

நெவ்யூவின் மூலமான நெபோஸ் பேரனையும் குறித்தது, சகோதர சகோதரியின் பிள்ளையையும் குறித்தது. பாப்பரசர்மார் தங்கள் நெபோஸ்களுக்குப் பதவி அள்ளிக் கொடுத்ததில் பிறந்ததுதான் நெப்போட்டிசம் என்ற சொல். 1692இல் பன்னிரண்டாம் இன்னசென்ட் பாப்பரசர் அதற்குத் தடை போட்டார். பெறாமகனுக்குக் கந்தோரில் வேலை எடுத்துக் கொடுக்கிற கலையில் யாழ்ப்பாணத்தார் உரோமருக்குக் குறைந்தவர்கள் இல்லை. நாங்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்ரியின் மூலமான அமித்தாவுக்குள்ளும் ஒரு பழைய சொல் இருக்கிறது, அம்மா. குழந்தை வாயில் வருகிற அம்ம என்ற ஒலியில் கட்டிய சொல் அது என்று சொற்பிறப்பாளர் சொல்கிறார்கள். இதை எழுதியவுடன் நாளைக்கு வட்ஸ்அப்பில், ஆங்கில ஆன்ட் தமிழ் அம்மாவிலிருந்து பிறந்தது என்று மின்னல் படத்தோடு சுற்றும் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். பால் குடிக்கிற குழந்தையின் மூடிய உதடு உலகம் முழுக்க மகர ஒலிதான் எழுப்பும். அதைத் தாய் தன் பெயராக எடுத்துக்கொள்கிறாள். மொழியியலாளர் ரோமன் யாக்கோப்சன் 1960இல் இதை விளக்கி எழுதியிருக்கிறார். எடுத்துக்கொள்கிறவர் எப்போதும் தாய்தான் என்றும் இல்லை. ஜோர்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா. தாய்க்கு அங்கே தேதா.

பிரெஞ்சுக்காரர் இன்று அந்த் என்று சொல்வதில்லை, தாந்த் என்கிறார்கள். முன்னால் ஒரு தகரம் எங்கிருந்து வந்தது? 'உன்' என்பதற்கு அவர்களிடம் த. 'உன் அந்த்' என்று பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லி அந்தத் தகரம் சொல்லோடு ஒட்டிவிட்டது என்பது பரவலாகச் சொல்லப்படுகிற விளக்கம். இதை வாசித்த யாழ்ப்பாணத்தான் சிரிப்பான். கொம்மா, கொப்பர், கொண்ணன், கொக்கா, கொம்மான் என்று நாங்கள் 'உன்'னை ஒட்டாத உறவே இல்லை. கொம்மான் என்றால் உன் அம்மான். சங்கப் பாட்டுகளிலும் எந்தை என் அப்பா, நுந்தை உன் அப்பா, தந்தை அவன் அப்பா. யாய் என் தாய், ஞாய் உன் தாய். உறவு என்றாலே யாருடைய உறவு என்று சேர்த்துச் சொல்கிற பழக்கம் அது. பாடப்புத்தகத்தில் பொதுச்சொல்லாகப் படித்த தாயும் தந்தையும் முதலில் மூன்றாம் ஆளுடைய பெற்றோர்தான்.

இவ்வளவும் சொன்னதால் நான் அங்கிளுக்கு எதிரி என்று எண்ண வேண்டாம். எங்கள் பழைய முறையின் அழகைப் பேசுகிறவர்கள் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். முறை சொல்லிக் கூப்பிடுவது எல்லாருக்கும் கிடைத்த உரிமை இல்லை. மாமா, மாமி, பெரியப்பா என்றால் கொடுத்து எடுக்கக்கூடிய ஆட்கள் என்று பொருள். வேலிக்கு அந்தப் பக்கம் சாதி வேறென்றால், தகப்பன் வயதுக்காரரையும் பெயர் சொல்லி, நீ என்று சின்னப் பிள்ளைகள் கூப்பிட்டதை நான் பார்த்து வளர்ந்திருக்கிறேன். முற்றத்தில் நின்று பதில் சொன்ன அந்த மனிசரை யாரும் அம்மான் ஆக்கவில்லை. இன்று அதே ஒழுங்கையில் அதே வயதுக்காரரை ஒரு பிள்ளை அங்கிள் என்று கூப்பிட்டுப் போகிறது. சாதியும் கேட்கவில்லை, கலியாணமும் பேசவில்லை. இந்த வேலையைச் செய்ய எங்களிடம் ஒரு தமிழ்ச் சொல் இருந்திருக்கலாம். ஐயாவும் அண்ணையும் இருந்தும் நாங்கள் அதைச் செய்யவில்லை. இரவல் சொல் வந்து செய்தது. சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. கலியாணப் பேச்சு வந்தால் அங்கிள் எல்லாம் பறந்துவிடும்.

கடைக்கார அங்கிளும் ஓட்டோக்கார அங்கிளும் அதனால் எனக்குச் சம்மதம். வீட்டுக்குள் சின்னம்மாவை அன்ரி என்பதுதான் சம்மதமில்லை. அங்கே அந்தச் சொல் ஒரு நன்மையும் செய்யவில்லை, அதற்குள் இருந்த அம்மாவைத்தான் வெளியே போட்டது.

டென்மார்க்கில் இருக்கிற தம்பி குடும்பம் போன விடுமுறைக்கு வந்திருந்தது. அவனுடைய மகள் அங்கேயே பிறந்தவள், தமிழ் கொஞ்சம் இழுத்து இழுத்துக் கதைப்பாள். ஆனால் முறையில் அவளை மடக்க முடியவில்லை. டேனிஷ் மொழியில் இன்றும் நாலு பேருக்கும் நாலு சொல் புழக்கத்தில் இருக்கிறது: அப்பாவின் சகோதரன் ஃபார்ப்ரோர், அம்மாவின் சகோதரன் மோர்ப்ரோர், அப்பாவின் சகோதரி ஃபாஸ்தர், அம்மாவின் சகோதரி மொஸ்தர். ஒங்கெல், தாந்தெ என்பவை கலியாணத்தால் வந்தவர்களுக்கு. என்னைக் கண்டவுடன் பெரியப்பா என்றாள். என் மனைவியிடம் வந்ததும் ஒரு கணம் நின்றாள். டேனிஷில் அவள் தாந்தெ. "தமிழிலை இவவும் அம்மாவோ?" என்று தகப்பனிடம் கேட்டுவிட்டுப் பெரியம்மா என்றாள். புடவைக்கடைக் கோபம் இன்னும் ஆறாத என் மனைவி அன்று இரவு அவளுக்குத் தனியாக ஒடியற்கூழ் காய்ச்சினாள்.

சாப்பாட்டில் கடைசித் தம்பியின் மகனும் இருந்தான். யாழ்ப்பாணத்திலேயே பிறந்து வளர்கிறவன். என் அக்கா கூழ்ச் சட்டியோடு வர, "அன்ரி, எனக்கு நண்டு" என்றான்.

"அவ அன்ரி இல்லை. ஃபாஸ்தர். அப்பான்ரை அக்கா," என்றாள் டென்மார்க்காரி.

"அதைத்தானே சொன்னனான், அன்ரி எண்டு."

அமித்தாவின் கணக்கில் அவனும் சரி என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திவிட்டார். "மாமி எண்டு கேக்கிறவைக்குத்தான் நண்டு."

"மாமி, ரெண்டு நண்டு," என்றான்.